ஹேங் கிளைடர் மேட்டில் இரண்டு நாள் மண்வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூருக்குத் தென்மேற்கே, கேப்பர் மலைச் செம்மண் மேட்டில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே கடலைப் பார்த்து இறங்கும் ஒரு சரிவு இருக்கிறது. ஹேங் கிளைடர் பழகும் நாங்கள் அதில்தான் ஓடிப் பழகுகிறோம். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் அந்தச் சரிவைச் சீர்செய்ய, புரட்டாசியில் ஒரு சனி, ஞாயிறு ஆள் திரட்டுகிறோம். புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நிலம் ஒருவருடைய பட்டா நிலம் என்பதால் சரியான இடத்தைப் பொதுவில் சொல்வதில்லை. வருவதாக உறுதி சொன்னவர்களுக்கு வழி சொல்லுவோம்.

ஹேங் கிளைடர் என்றால் என்ன? ஏலகிரியில் பறக்கிறார்களே, அதுவா?

ஏலகிரியில் பெரும்பாலோர் பார்த்திருப்பது பாராகிளைடர். அது முழுக்கத் துணி. மடித்துப் பையில் போட்டு முதுகில் தூக்கிக்கொள்ளலாம். ஹேங் கிளைடருக்கு அலுமினியக் குழாய்ச் சட்டம் உண்டு. அதன்மேல் இழுத்துக் கட்டிய துணிதான் இறக்கை. பறப்பவர் ஹார்னஸில், அதாவது உடம்பைத் தாங்கும் வார்ப்பட்டையில் தொங்கியபடி, முன்னால் இருக்கும் முக்கோணச் சட்டத்தைப் பிடித்துத் தன் உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தித் திருப்புவார். அந்த முக்கோணக் கைப்பிடியை இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் ஊர்க்காரரான ஜான் டிக்கென்சன். ஆண்டு 1963.

இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 10 மீட்டர். எடை 20 கிலோவுக்கு மேல். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் செய்யப்போகும் வேலை முழுவதும் இவற்றிலிருந்துதான் வருகிறது.

கடலூரில் மலையே கிடையாதே, பிறகு எங்கே பறப்பது?

உயரப் பறக்க இது இடமில்லை. பழகுவதற்கான இடம். பழகுபவருக்கு ஏலகிரி மாதிரி உயரம் தேவையில்லை, ஆபத்தும்கூட. ஐந்தாறு ஆள் உயரத்துக்குச் சீராக இறங்கும் சரிவு, எதிரே தடையில்லாத காற்று, கீழே இறங்கத் திறந்த வெளி இருந்தால் போதும்.

கேப்பர் மலை என்று நாம் சொல்வது உண்மையில் செம்மண்ணும் சரளையும் மணற்பாறையும் சேர்ந்த ஒரு மேட்டுநிலம். நிலவியல்காரர்கள் இந்தப் பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் இந்தப் பாறை வகையில்தான் புதைந்திருந்தன. மேட்டின் விளிம்பில் சில இடங்கள் கிழக்கும் தென்கிழக்கும் பார்த்துச் சரிகின்றன. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. காலையில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அது முதுகுப் பக்கம் வரும் காற்று என்பதால் அப்போது யாரும் இறக்கையைத் தூக்குவதில்லை. மண்வேலையைக் காலையில் வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பறக்க வந்தவர்கள் எதற்கு மண்வெட்டி பிடிக்க வேண்டும்?

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

பழகுநர் இறக்கை ஒன்று காற்றில் நிற்க மணிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிலோமீட்டர் வேகம் வேண்டும். எதிர்க்காற்று 15 கொடுத்தால் மீதியை நம் கால்கள் கொடுக்க வேண்டும். தோளில் இருபது கிலோவைத் தாங்கிக்கொண்டு, சரிவில், நிற்காமல், வேகத்தைக் கூட்டிக்கொண்டே ஓட வேண்டும். அப்படி ஓடும்போது கண் எங்கே இருக்கும் தெரியுமா? தொலைவில், அடிவானத்தில். காலைப் பார்த்தால் தோள் குனியும், தோள் குனிந்தால் இறக்கையின் மூக்கு தாழும், மூக்கு தாழ்ந்தால் தரையில் குத்தும். அதனால் முதல் பாடமே ‘கீழே பார்க்காதே’ என்பதுதான்.

கீழே பார்க்கக்கூடாத ஒருவர், தரையை முழுசாக நம்பித்தான் ஓட வேண்டும். ஒரு சரளைக்கல், எலி வளை, வெட்டிவிட்ட கட்டையின் முனை, எதில் இடறினாலும் கையும் தோளும்தான் முதலில் அடி வாங்கும். வானத்தில் நடக்கும் விபத்துதான் எல்லோருக்கும் பயமாகத் தெரிகிறது. ஆனால் இந்த விளையாட்டில் எலும்பு முறிவது பெரும்பாலும் ஓடிப் புறப்படும்போதும், இறங்கும்போதும்தான். தரையைச் சீர்செய்வது பாதுகாப்பு வேலைகளிலேயே முதல் வேலை.

இதில் புதுமை ஒன்றுமில்லை. இறக்கை கட்டிப் பறந்த முன்னோடிகளில் ஒருவரான ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால் 1894-இல் பெர்லினை ஒட்டிய லிக்டர்ஃபெல்டேயில் சுமார் 15 மீட்டர் உயரத்துக்குக் கூம்பு வடிவத்தில் ஒரு மண்மேட்டையே எழுப்பினார். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை எதிர்த்து ஓட ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த வடிவம். 1896-இல் விழுந்து இறப்பதற்குள் அவர் சுமார் 2,000 முறை மிதந்திருப்பார் என்று கணக்கிடுகிறார்கள். அந்த மேடு இன்றும் நினைவிடமாக நிற்கிறது. பறப்பதைக் கற்றுக்கொள்ள நினைத்த மனிதர் மண்ணைக் கொட்டி மேடு கட்டினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வருகிறது. நமக்கு மேடு ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காப்பாற்றினால் போதும்.

வந்து வேலை செய்தால் பறக்க விடுவீர்களா?

இல்லை. வேலைக்குக் கூலியாகப் பறத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாள் முழுக்க மண்வெட்டி பிடித்துக் களைத்த கையும் காலும் புறப்பாட்டுக்கு உதவாது. பயிற்சி பெற்றவர்கள்கூட அந்த இரண்டு நாளும் பறக்க மாட்டார்கள்.

ஆனால் ஞாயிறு மாலை, கடற்காற்று சீராக இருந்தால், கீழே சமதரையில் ஒரு இறக்கையை விரித்து வைப்போம். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பக்கத்தில் பயிற்சியாளர் நிற்க, அதைத் தூக்கிப் பார்க்கலாம். முதலில் தோளை அழுத்தும் எடை, காற்று பிடித்ததும் காணாமல் போகும். அதை ஒரு தடவை உணர்ந்தவர்கள் பிறகு முறையாகப் பழகக் கேட்டு வருகிறார்கள். கேட்காதவர்களும் அடுத்த ஆண்டு மண்வேலைக்கு வருகிறார்கள்.

என்னென்ன வேலைகள் இருக்கும்?

ஓடுபாதையில் கல் பொறுக்குவது, வேலிக்காத்தானை வேரோடு எடுப்பது, மழை அறுத்த ஓடைகளுக்குத் தடுப்புப் போடுவது, வெட்டிவேர் நடுவது, காற்றின் திசை காட்டும் துணிப்பையை (காற்றுப் பை) மாற்றுவது, இறங்கும் வெளியைச் சுத்தம் செய்வது. கனமான வேலை எல்லோருக்கும் இல்லை. கல் பொறுக்க வயதும் வலுவும் தேவையில்லை. உட்கார்ந்து நகர்ந்தபடி செய்யலாம். எல்லா வேலையிலும் அதிகப் பயன் தருவது அதுதான் என்பேன்.

ஓடுபாதையை 30 மீட்டர் அகலத்துக்கு வைத்திருக்கிறோம். பத்து மீட்டர் இறக்கைக்கு எதற்கு முப்பது என்று கேட்பார்கள். ஓடும்போது ஒரு பக்கக் காற்று இறக்கையைத் தூக்கினால் ஆள் அந்தப் பக்கம் சில அடி இழுபடுவார். அப்போது இறக்கை முனை ஒரு புதரைத் தொட்டால் இறக்கை அப்படியே சுழலும். அந்த ஓரத்து இடம் புதியவர்களுக்கானது.

பொறுக்கும் கல்லை வீசி எறியாதீர்கள். பாண்டில் போட்டு ஓடைத் தலைப்புக்குக் கொண்டுபோங்கள். அங்கே தடுப்புக்கு வேண்டும்.

வேலிக்காத்தானை வெட்டி எறிந்தால் போதாதா?

வெட்டினால் அது சாகாது. அடியிலிருந்து பத்துக் கிளை கிளம்பும். அதைவிட மோசம், சாய்வாக வெட்டிய கட்டை. தரைக்கு மேல் நான்கு விரல் நிற்கும் ஒரு கட்டை செருப்பையும் துளைக்கும். ஓடுபாதையில் அப்படி ஒன்று இருப்பதைவிடப் புதராகவே நிற்பது மேல், கண்ணுக்காவது தெரியும்.

அதனால் முறை இதுதான். முதலில் கவைக்கம்பால் கிளையை ஒதுக்கிப் பிடிப்பவர் ஒருவர், கொடுவாளால் கழிப்பவர் ஒருவர். பிறகு கடப்பாரையால் அடியைச் சுற்றி ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி, வேர் முடிச்சை முழுசாகப் பெயர்க்க வேண்டும். குழியை உடனே மூடி மிதித்து இறுக்க வேண்டும். மூடாத குழி அடுத்த கட்டையைவிடக் கெட்டது. விறகு முழுக்க ஊர்க்காரர்களுக்கு. காய் இருக்கும் கிளைகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். ஆடு தின்றால் போகும் இடமெல்லாம் விதைத்துக்கொண்டு போகும்.

முள் குத்தினால் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடாதீர்கள். உள்ளே ஒடிந்த முனை சில நாளில் சீழ் பிடிக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு வெகுநாள் ஆகியிருந்தால், வருவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

ஓடையை மண் போட்டு மூடிவிட்டால் வேலை முடிந்ததே?

முதல் மழையில் அந்த மண் கடலுக்குப் போய்விடும். செம்மண் மேட்டில் நீர் ஓடையை அறுப்பது மேலிருந்துதான். சரிவின் உச்சியில் சேரும் நீர் ஒரே வழியாக இறங்கப் பழகிவிட்டால், நாம் கீழே எவ்வளவு கொட்டினாலும் அதைத் தூக்கிக்கொண்டு போகும். தானே புயலை 2011 டிசம்பர் கடைசியில் பார்த்தவர்களுக்கும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் கொட்டிய மழையைப் பார்த்தவர்களுக்கும் இந்த மண் எப்படிக் கரையும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வேலை உச்சியில் ஆரம்பிக்கும். முதலில், சரிவின் மேல் விளிம்பில், நீரைப் பக்கவாட்டில் திருப்ப ஒரு வரப்பு. அது சம உயரக் கோட்டில் மிக லேசான வாட்டத்தோடு போக வேண்டும். வாட்டம் கூடினால் வரப்பே புது ஓடையாகும். கண்ணால் மதிப்பிட்டால் ஏமாறுவோம். இதற்கு இரண்டு கருவி வைத்திருக்கிறோம். ஒன்று கொத்தனார் பயன்படுத்தும் டியூப் மட்டம். இன்னொன்று மூன்று சவுக்குக் கழிகளை ‘ஏ’ எழுத்து வடிவில் கட்டி, நடுவில் தூக்குக்குண்டு தொங்கவிட்ட சட்டம். அதன் ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றி வைத்து, நூல் நடுக்குறியில் நிற்கும் இடங்களில் முளை அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும். அதிலிருந்து வேண்டிய வாட்டத்தைக் கொடுத்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யலாம். பார்த்ததும் பிடித்துப்போகும் வேலை.

இரண்டாவது, ஏற்கெனவே அறுத்த ஓடைக்குள் கல் தடுப்புகள். அடியில் பெரிய கல், மேலே சிறியது, இடையில் காய் நீக்கிய முள்கிளை. தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். நடுவில் வழிந்தால் நீர் ஓடைக்குள்ளேயே போகும். ஓரத்தில் வழிந்தால் கரையை அறுத்துத் தடுப்பையே சுற்றிக்கொண்டு போகும். கீழ்த் தடுப்பின் உச்சி, மேல் தடுப்பின் அடியோடு ஒரே மட்டத்தில் இருக்கும்படி அடுத்தடுத்து அமைக்க வேண்டும். பிறகு மழைதான் வேலை செய்யும். அது கொண்டுவரும் மண் தடுப்புக்குப் பின்னால் தங்கித் தங்கி, ஓரிரு மழைக்காலத்தில் ஓடை தானே தூர்ந்துவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வெட்டிவேரை ஏன் ஓடுபாதையில் நடுவதில்லை?

கடலூர்க் கடற்கரை மணலில் வெட்டிவேர் பயிராவது இங்கே எல்லோரும் அறிந்தது. நமக்கு நாற்றும் அங்கிருந்துதான் வருகிறது. அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேராக இறங்கும், நல்ல மண்ணில் மூன்று மீட்டர்கூடப் போகும். மண்ணைப் பிடிக்க அதைவிட நல்ல புல் நம் பக்கத்தில் இல்லை.

ஆனால் அது குத்துக்குத்தாக வளரும், ஆளின் நெஞ்சு உயரத்துக்கு வரும். ஓடுபவரின் காலுக்கு அது ஒரு சுவர். அதனால் ஓடைத் தலைப்புகளிலும், திருப்பு வரப்பின் மேலும், பாதையின் இரு ஓரங்களிலும் மட்டும் நடுகிறோம். ஓடுபாதைக்கு அருகம்புல்தான். தாழப் படரும், மிதித்தாலும் சாகாது, கால் வழுக்காது.

நாற்றை மேலே ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரை நான்கு விரல் விட்டுக் கத்தரித்து, நாற்றுக்கு நாற்று நான்கைந்து விரல்கடை இடைவெளியில் ஒரே வரிசையாக நடவேண்டும். இடைவெளி விட்டால் நீர் அந்தச் சந்தைக் கண்டுபிடித்துவிடும். புரட்டாசியில் நட்டால் வேர் பிடிக்கும் நேரத்துக்கு ஐப்பசி மழை வந்துவிடும், தண்ணீர் சுமக்க வேண்டாம்.

ஜேசிபி வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடியுமே?

முடியும், சரிவும் சேர்ந்து முடிந்துவிடும். இந்த மேட்டின் மேல்தோல் வெயிலிலும் மழையிலும் இறுகி ஓடுபோல ஆகியிருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது இளகிய மண். வாளி ஒருமுறை அந்த ஓட்டை உடைத்துவிட்டால் அடுத்த மழை அங்கிருந்தே தொடங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. செம்மண் நிலத்தில் ஜேசிபியும் டிராக்டரும் நின்றால், மண் அள்ளுகிறார்கள் என்றுதான் ஊர் நினைக்கும். நினைப்பதில் தவறும் இல்லை. எத்தனையோ மேடுகள் அப்படித்தான் குழியாகிப் போயின. தோப்புக்காரருக்கு நாங்கள் கொடுத்திருக்கும் முதல் வாக்கு, இந்த நிலத்திலிருந்து ஒரு பாண்டு மண்கூட வெளியே போகாது என்பது.

தோப்புக்காரர் எதற்காக இடம் கொடுக்கிறார்?

அவருடைய முந்திரி மரங்கள் சரிவுக்குக் கீழே இருக்கின்றன. மேலே அறுத்த ஓடை கீழே வந்து மரங்களின் வேரை வெளியே தெரியவைத்தது. நாங்கள் வரப்பு போட்டு நீரைத் திருப்பியதில் அவருக்கும் லாபம். வாடகை என்று அவர் எதுவும் கேட்பதில்லை. பதிலுக்கு இரண்டு கட்டுப்பாடு வைத்திருக்கிறார், இரண்டும் நியாயமானவை. தை, மாசியில் முந்திரி பூக்கும்போதும், அதன்பின் சித்திரை, வைகாசி வரை கொட்டை பொறுக்கி முடியும் வரையிலும், யாரும் மரத்தடிக்குப் போகக்கூடாது. இறக்கை மரத்தில் விழுந்து கிளை ஒடிந்தால் நஷ்டத்தைக் கட்ட வேண்டும்.

ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன பங்கு?

வரப்பு பிடிப்பது, கடப்பாரை வேலை இவற்றுக்கு அந்த ஊர் ஆட்கள் சிலரைக் கூலி கொடுத்தே அழைக்கிறோம். தன்னார்வலர் வருகிறார்கள் என்பதற்காக அவர்களிடம் இலவச உழைப்பு கேட்பது முறையில்லை. வேலை தெரிந்தவர்கள் அவர்கள்தான். வரப்பை எப்படி மிதித்து இறுக்குவது என்று அவர்கள் சொன்னால், இன்ஜினியரிங் படித்திருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரிவில் ஆடு மேய்க்கும் ஆயா ஒருவர் வருவார். ஓடுபாதையில் ஆடு மேய்வது நமக்கு நல்லது, புல் தாழ்ந்தே இருக்கும். “ஆயா, கொஞ்சம் அந்தப் பக்கம் ஓட்டுங்க” என்று மரியாதையாகச் சொன்னால் நகர்த்திவிடுவார். கூச்சலிட்டு ஆட்டை விரட்ட வேண்டாம்.

சரிவின் வடக்கு ஓரத்தில் மஞ்சள் பூசிய ஒரு புற்று உண்டு. அதைத் தொடக்கூடாது. அதன் பக்கம் கடப்பாரையும் போகக்கூடாது, செருப்புக் காலும் போகக்கூடாது. ஓடுபாதையை அதிலிருந்து தள்ளித்தான் அமைத்திருக்கிறோம்.

காற்றுப் பை எதற்கு மூன்று?

உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, இறங்கும் வெளியில் ஒன்று. மூன்றும் ஒரே பக்கம் காட்டினால்தான் காற்று சீராக இருக்கிறது என்று பொருள். உச்சியில் கிழக்கிலிருந்தும் கீழே வேறு பக்கமிருந்தும் வந்தால், அன்று இறக்கையைப் பிரிக்காமல் வீட்டுக்குப் போகலாம். பழைய பைகள் வெயிலில் நைந்துவிட்டன, புதிது தைக்க வேண்டும். தையல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நைலான் துணியும் நூலும் தருகிறோம். கம்பத்துக்குச் சவுக்குக் கழி போதும். இரும்புக் குழாய் வேண்டாம், மோதினால் அது வளையாது.

இறங்கும் வெளியில் மரம் எதையாவது வெட்டப் போகிறீர்களா?

ஒரு மரமும் வெட்டுவதில்லை. மரத்தைத் தாண்டி வரும் காற்று, மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை கலங்கியே இருக்கும் என்பது பறப்பவர்களின் கணக்கு. அதற்குள் இறங்கினால் இறக்கை திடீரென்று தாழும். மரத்தை எடுப்பதற்குப் பதில், இறங்கும் குறியை அந்தத் தூரத்துக்கு அப்பால் வைத்திருக்கிறோம். இந்த முறை சுண்ணாம்புக் கோடு மட்டும் புதிதாகப் போட வேண்டும்.

பாம்பு இருக்குமா?

இருக்கும். முந்திரிச் சருகு, கல் குவியல், எலி வளை என்று அவற்றுக்கு வேண்டியதெல்லாம் அங்கே உண்டு. கல்லைக் கையால் தூக்குவதற்கு முன் கம்பால் அல்லது கொத்தால் புரட்டுங்கள். கணுக்காலை மூடும் ஷூ கட்டாயம். செருப்போடு வருபவர்களைச் சமையல் பக்கம்தான் அனுப்புவோம்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல், உடனே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம். அதற்கென்றே ஒரு கார் சாவியோடு, வெளியே திரும்பிய நிலையில், இரண்டு நாளும் நிற்கும். அந்தக் காரை டீ வாங்கக்கூட எடுக்கக்கூடாது.

நேரம் எப்படி?

காலை 6 மணிக்கு ஆரம்பம், 10:30-க்கு நிறுத்தம். அதன் பிறகு வெயிலில் யாரும் நிற்க வேண்டாம். மாலை 3:30 முதல் இருட்டும் வரை மறுபடியும். இடையில் தோப்பு நிழலில் படுக்கலாம், பேசலாம். முதல் நாள் மாலை வேலை முடிந்ததும், இறக்கை எப்படிப் பறக்கிறது என்று யாராவது அரை மணி நேரம் விளக்குவார்கள். ஒரே நாள் மட்டும் வர முடியும் என்றால் சனிக்கிழமை வாருங்கள். கை அதிகம் தேவைப்படும் நாள் அது.

சாப்பாடு?

புரட்டாசி சனி என்பதால் சைவம் மட்டுமே. காலை கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும். மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம், கத்தரிக்காய்க் கொத்சு. நீர்மோர் நாள் முழுக்க இருக்கும். கட்டணம் கிடையாது. வீட்டிலிருந்து ஒரு தட்டும் டம்ளரும் கொண்டுவந்தால் பேப்பர் தட்டு வாங்க வேண்டாம்.

எப்படி வருவது?

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பேருந்து ஓயாமல் உண்டு. ரயிலில் வருபவர்கள் திருப்பாதிரிப்புலியூரில் இறங்குங்கள். பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து காலை 5:15-க்கு வேன் கிளம்பும். சொந்த வண்டியில் வருபவர்கள் திருவந்திபுரம் வழியாக வர வேண்டாம். புரட்டாசிச் சனிக்கிழமை தேவநாத சுவாமி கோயிலுக்கு வரும் கூட்டத்தில் வண்டி நகராது. சிறைச்சாலை இருக்கும் கேப்பர் மலைச் சாலையே நல்லது.

குடும்பத்தோடு வரலாமா? பெண்களுக்கு வசதி உண்டா?

வரலாம். தோப்பு வீட்டில் கழிவறை இருக்கிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதை முதலில் ஒதுக்கியிருக்கிறோம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கல் பொறுக்கலாம், மட்டம் பார்க்கலாம். கொடுவாள், கடப்பாரை பக்கம் பிள்ளைகளை விட மாட்டோம். இரவு தங்க விரும்புபவர்கள் தோப்பு வீட்டுத் திண்ணையிலோ மாடியிலோ படுக்கலாம். பாயும் கொசுவலையும் கொண்டுவாருங்கள்.

மது, புகை?

இரண்டும் கூடாது. புதுச்சேரியிலிருந்து பாட்டிலோடு வந்தால் ஆல்பேட்டை சோதனைச் சாவடியிலேயே உங்கள் வார இறுதி முடிந்துவிடலாம். அதைத் தாண்டி வந்தாலும் நாங்கள் திருப்பி அனுப்புவோம். கூர்மையான கருவிகளோடு பலர் சேர்ந்து வேலை செய்யும் இடம் இது. பீடி, சிகரெட் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. காய்ந்த முந்திரிச் சருகில் ஒரு பொறி விழுந்தால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு வருமானம் போய்விடும்.

இங்கே பறப்பதற்கு அனுமதி இருக்கிறதா?

இந்த இரண்டு நாளும் நடப்பது மண்வேலை மட்டும், நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு. இறக்கையோடு ஓடும் நாட்கள் வேறு. அவற்றுக்கு உரிய அனுமதி கையில் இருந்தால்தான், பயிற்சியாளர் உடன் இருந்தால்தான் ஓடுவோம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமான நிலையமும் கேப்பர் மலையில் மத்திய சிறையும் இருக்கும் பகுதி இது. ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று ஒருவர் செய்யும் காரியம் எல்லோருடைய இடத்தையும் மூடவைக்கும். ட்ரோன் கொண்டுவர வேண்டாம் என்பதும் இதனால்தான்.

மழை வந்தால்?

தூறலுக்கு நிறுத்த மாட்டோம், நனைந்த மண்ணில் கடப்பாரை சுலபமாக இறங்கும். இடி கேட்டால் உடனே எல்லோரும் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு மேட்டை விட்டு இறங்கி வீட்டுக்குள் போக வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. இந்த மாதங்களில் மாலை இடிமழை மேற்கிலிருந்து கருத்து வரும், அதற்கு முன்னால் திடீர்க் காற்று ஒன்று பாயும். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே மறுபடி மேலே ஏறலாம்.

என்ன கொண்டுவர வேண்டும்?

ஷூ, முழுக்கைச் சட்டை, தொப்பி அல்லது துண்டு, தண்ணீர் பாட்டில், தோல் கையுறை இருந்தால் அது. உங்கள் கைக்குப் பழகிய மண்வெட்டி இருந்தால் கட்டாயம் கொண்டுவாருங்கள், பிடியில் பெயர் எழுதி. நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகளை மறக்காதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் முன்பே காதில் போட்டுவையுங்கள், நிழல் வேலை தருகிறோம்.

இரண்டு நாளோடு முடிந்துவிடுமா?

இல்லை. ஐப்பசியில் முதல் பெருமழை விட்ட மறுநாள் காலை, யாராவது இரண்டு பேர் மேட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வரப்பு எங்கே வழிந்தது, எந்தத் தடுப்பைச் சுற்றி நீர் போனது, எந்த நாற்று பிடுங்கிக்கொண்டது என்று அன்றுதான் தெரியும். அன்றே ஒரு பாண்டு மண்ணால் அடைக்கக்கூடிய ஓட்டை, அடுத்த மழைக்குப் பிறகு பத்துப் பேர் வேலையாகிவிடும். கடலூர் பக்கம் குடியிருப்பவர்கள் இதற்குப் பெயர் கொடுத்தால் நல்லது. வார நாளாகவும் இருக்கலாம், அலுவலகம் போவதற்கு முன் வந்து பார்த்துவிட்டுப் போக முடிந்தவர்கள் சொல்லுங்கள்.